18 லட்சம் வேண்டாம் ஆச்சி, பையன் சொன்னதைக் கேளுங்கள்

ஆச்சி, சனிக்கிழமை நீங்கள் பள்ளத்தூரிலிருந்து பையனோடு வந்தபோது, ‘பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி யோசித்தால் அது தப்பு என்று பட்டது. பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது பையனின் மார்க் இல்லை, அந்த 18 லட்சம்.

ஏ.ஐ. என்று வால் ஒட்டிய கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டல், நாலு வருடத்துக்கு 18 லட்சம் என்று உங்கள் தம்பி கணக்குச் சொன்னார். அவர் சொல்லாத கணக்கை நான் சொல்கிறேன். 10 சதவீத வட்டிக்கு வாங்கி 10 வருடத்தில் அடைத்தால் மாதம் கிட்டத்தட்ட 23,800 ரூபாய், மொத்தம் இருபத்தெட்டரை லட்சம். படிக்கிற காலத்து வட்டி இதில் சேரவில்லை. ஏழரை லட்சம் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும், அதனால்தான் வீட்டுப் பங்கை வைப்பது பற்றிப் பேச்சு கிளம்பியிருக்கிறது. வட்டியை மனக்கணக்காகவே போட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது! ‘நாலு பேர் கேட்டா என்ன சொல்றது’ என்றீர்கள். அந்த நாலு பேரில் ஒருத்தரும் தவணை கட்ட வரமாட்டார்கள்.

அப்புறம் பையன். நீங்களும் அவன் அம்மானும் ஒரு மணி நேரம் பேசினீர்கள், அவன் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான். லீவில் காரைக்குடியில் கேமரா மாட்டும் கடைக்கு உதவிக்குப் போனதையும், அங்கே மூலையில் கிடந்த பழைய நெட்வொர்க் சுவிட்சுக்கு (கம்ப்யூட்டர் ஒயர்களை இணைக்கும் பெட்டி) கட்டளை அடித்து கேமராவுக்கு ஒரு விலான் (ஒரே பெட்டிக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு விலான் என்று பிரித்ததையும் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தீர்களா? ‘அது ஒயர் வேலை’ என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

டாக்டர், சி.ஏ., பேங்க் பரீட்சை பற்றி எழுத மாட்டேன், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஒயர் வேலையை, அதாவது நெட்வொர்க் வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வங்கிக் கிளை, ஆஸ்பத்திரி, கல்லூரி, எங்கே போனாலும் கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் கடைசியில் ஒரு சுவிட்சில் போய்ச் சேரும். அதற்குள்ளும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது. எந்தப் போர்ட் (ஒயர் சொருகும் துளை) எந்தத் துறைக்கு, எது யாரோடு பேசலாம், எல்லாம் அதன் கான்ஃபிகில், அதாவது அமைப்புக் குறிப்பில், இருக்கும். நிறுவனம் வேறு கம்பெனி சுவிட்சுக்கு மாறினாலோ புதுத் தலைமுறைக்குப் போனாலோ, நூற்றுக்கணக்கான சுவிட்சுகளின் கான்ஃபிகை வேறு பாஷைக்கு மாற்ற வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அடி விழும்.

சுவிட்ச் தயாரிக்கும் சிஸ்கோ கம்பெனிக்குள்ளேயே ஒரு காலத்தில் சுவிட்சுக்கு இரண்டு பாஷை இருந்தது. 1993இல் கிரெசெண்டோ என்ற கம்பெனியை வாங்கியதில் வந்தது கேட்ஓஎஸ், சிஸ்கோவின் சொந்தச் சரக்கு ஐஓஎஸ் (ஐபோனில் இருப்பது வேறு). கேட்ஓஎஸ்ஸில் அடித்ததெல்லாம் தானாகச் சேமிப்பில் போய்விடும். ஐஓஎஸ்ஸில் நாம் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் காலி. சிஸ்கோவின் 6500 வகைச் சுவிட்சில் கேட்ஓஎஸ்ஸில் போர்ட்டுகள் திறந்தே வரும், ஐஓஎஸ்ஸுக்கு மாற்றினால் மூடியே வரும், அதுவும் சுவிட்ச் போர்ட்டாக இல்லாமல், எந்த விலானிலும் சேராத ரவுட்டர் போர்ட்டாக. கட்டளையை மட்டும் பெயர்த்தவன் காலையில் முழு மாடியும் செத்துக் கிடப்பதைப் பார்ப்பான்.

அது பழைய கதை, ஆனால் இன்றைக்கும் இதே கூத்துதான். சிஸ்கோவின் நெக்ஸஸ் சுவிட்சில் பல வசதிகளை முதலில் ‘ஃபீச்சர்’ என்று அடித்து எழுப்பினால்தான் அதன் கட்டளையே வேலை செய்யும். ஜூனிப்பர் என்ற இன்னொரு கம்பெனியின் ஜூனோஸ் சிஸ்டத்தில் போர்ட் எண் பூஜ்யத்தில் தொடங்கும், கமிட் அடிக்கும்வரை எதுவும் நடப்புக்கு வராது. ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று அடித்துவிட்டு 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அதுவாகவே பழையபடி திரும்பிவிடும், எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. ஏனென்றால் சென்னையில் வேலை பார்த்தபோது, ஐஓஎஸ்ஸில், பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் ஒரு விலானைச் சேர்க்கப் போய் ‘ஆட்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். சேர வேண்டியது சேர்ந்தது, ஏற்கெனவே இருந்த விலான் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டது. இரண்டு மாடி ஊமையாகிவிட்டது.

உங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாள்வரை வந்தவர் என்று சொன்னீர்களே, அவருக்கு இந்த வேலை உடனே புரிந்திருக்கும். பழைய பேரேட்டிலிருந்து புதுப் பேரேட்டுக்குக் கணக்கைக் கொண்டுபோய் ஐந்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான். மாற்றுவதற்கு முன் எத்தனை போர்ட் உயிரோடு இருக்கிறது, எந்த முகவரி எந்தப் போர்ட்டில் தெரிகிறது, பக்கத்துச் சுவிட்ச் எது என்று எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றியபின் ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும்.

‘இதையும் ஏ.ஐ. செய்துவிடாதா’ என்று அம்மான் கேட்பார். வரிகளை மாற்றித் தரும், தரட்டும். பத்து வருடமாகக் கிடக்கும் ஒரு வரி தேவையா குப்பையா என்று அந்த அலுவலகத்தில் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஆள் செய்கிற வேலை.

வழி இதுதான். பிளஸ் டூ கணக்குப் பிரிவு என்பதால் டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், இல்லையென்றால் அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி.க்குப் போடுங்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம். கூடவே சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், சுவிட்சைக் கம்ப்யூட்டரிலேயே பழகிப் பார்க்கும் மென்பொருள், இலவசம், லேப்டாப்பில் போட்டுக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம். பிறகு சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு, 300 டாலரும் வரியும், எழுத எந்தப் பட்டமும் கேட்பதில்லை. ‘நூறு சதவீத வேலை’ என்று போர்டு மாட்டிய இடத்தில் லட்ச ரூபாய் கட்டாதீர்கள், என் பேச்சை மீறிக் கட்டினால் என்னிடம் திரும்ப வராதீர்கள்.

முதல் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும். ராத்திரி ஷிப்ட் உண்டு, சுவிட்ச் மாற்றுவதெல்லாம் சனிக்கிழமை நடுராத்திரியில்தான். கிளம்பும்போது தனியாக என்னிடம் கோடிங் பிடிக்காது என்றான், சின்னச் சின்ன பைத்தான் நிரல் எழுதாமல் இதில் மேலே போக முடியாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை.

வீட்டுப் பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வையுங்கள். வரும் சனிக்கிழமை பையனை மட்டும் அனுப்பினால் போதும், என் மேஜைக்கடியில் பழைய சுவிட்ச் ஒன்று கிடக்கிறது. அதை லேப்டாப்போடு இணைக்கும் கன்சோல் கேபிள் அவனிடமே இருக்கிறதாம், மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.