வாரம் ஒரு மாத்திரையை தினமும் கொடுத்துவிட்டார்கள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முடக்குவாதம். தம்பி குவைத்தில், நானும் வேலைக்குப் போகிறவள் என்பதால் மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மாதம் 15,000 ரூபாய் கட்டி எட்டு மாதமாக வைத்திருந்தோம். வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை அங்கே தினமும் கொடுத்திருக்கிறார்கள். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, 11 நாள் ஆஸ்பத்திரி. இல்லத்தில் ஒரு மாதப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, கஞ்சிகூட இறங்கவில்லை என்று படித்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தால் அது பின்னால் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

கோபத்தோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் மாத்திரை அட்டையை எடுத்து வையுங்கள். வாரம் ஒன்று என்றால் பத்து மாத்திரை அட்டை பத்து வாரம் வர வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தைய மருந்துக்கடை பில் கையில் இருந்து, அட்டை காலி என்றால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைதான், மாறிப்போவது அப்படித்தான், ஆனால் மாறாமல் பார்ப்பதற்குத்தானே பணம் வாங்குகிறார்கள். மாத்திரை கொடுத்த நோட்டை போட்டோ எடுங்கள், தர மறுத்தால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

அப்புறம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே இது சேவைக் குறைபாடு, அம்மா பெயரில் புகார் கொடுக்கலாம். (யாரிடமும் பணம் வாங்காமல் நடத்தும் தர்ம இல்லம் என்றால் நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது, அதனால் மாதப் பண ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.) கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணமே இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், தம்பி லீவில் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீலுக்கு எங்கே போவது என்றால், 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பத்மநாபபுரம் நீதிமன்றத்திலோ நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேளுங்கள், 15100-க்கு போன் செய்தாலும் சரி. அவர்கள் முதலில் இல்லத்துக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள், பாதி இடங்களில் பேச்சின் தொனி அப்போதே மாறிவிடும்.

அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த இல்லத்தில்தான் என்றால், மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், அட்டையை மொத்தமாக அங்கே கொடுக்காமல் அந்தக் கிழமைக்கான ஒரே மாத்திரையை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.