ஜாக்கி ஃபிஷர்: கடற்போர் காணாத அட்மிரல் (கேள்வி பதில்)

பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஃபிஷர் இலங்கையில் பிறந்தவராமே?

ஆமாம். 1841இல், நுவரெலியா பக்கத்து இறம்பொடையில். அப்பா ராணுவ கேப்டன், காப்பித் தோட்டமும் வைத்திருந்தார். ஆறு வயதில் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள், அதன் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. 13 வயதில் கடற்படை.

அண்ணா, அவர் ஜெயித்த பெரிய போர் எது?

அப்படி ஒன்று இல்லை தம்பி. 1882இல் அலெக்சாந்திரியா கோட்டைகள்மேல் குண்டு பொழிந்தபோது இன்ஃப்ளெக்சிபிள் கப்பலின் கேப்டனாக இருந்தார். கப்பற்படையை நடத்திக்கொண்டு எதிரிக் கப்பற்படையோடு அவர் மோதியதில்லை. ஆனாலும் நெல்சனுக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படையை இந்த அளவு மாற்றியவர் வேறு யாரும் இல்லை என்பேன். 1904இல் ஃபர்ஸ்ட் சீ லார்ட், அதாவது கடற்படையின் தலைமை அதிகாரி, ஆனதும் சண்டைக்கு உதவாத பழைய கப்பல்கள் நூற்றைம்பதுக்கு மேல் ஒதுக்கித் தள்ளி, அவற்றில் முடங்கிக் கிடந்த மாலுமிகளை நல்ல கப்பல்களுக்கு அனுப்பினார். அவர் கட்டவைத்த டிரெட்நாட் போர்க்கப்பலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், எனக்கு இதுதான் பெரிய வேலை.

சரி, டிரெட்நாட்டில் என்ன புதுசு சார்?

அதற்கு முந்தைய கப்பல்களில் 12 அங்குலப் பீரங்கி நான்குதான், மற்றவை சின்னது. தூரத்தில் குண்டு விழுந்து தண்ணீர் எழும்பும்போது அது எந்தப் பீரங்கியுடையது என்று தெரியாமல் குறியைத் திருத்த முடியாது. டிரெட்நாட்டில் பத்தும் 12 அங்குலம், அதோடு டர்பைன் இயந்திரம், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம். 1905 அக்டோபரில் ஆரம்பித்த கட்டுமானம் 1906 டிசம்பரில் முடிந்து கப்பல் பணிக்கே வந்துவிட்டது.

டிரெட்நாட்டால் தன் நாட்டுக் கப்பல்களையே பழசாக்கி, ஜெர்மனி சமமாகப் போட்டி போட வழி விட்டாரே?

அன்றைக்கே இதைச் சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவும் ஜப்பானும் அதே யோசனையில்தான் இருந்தன, பிரிட்டன் சும்மா இருந்திருந்தால் பின்தங்கியிருக்கும்.

பேட்டில் குரூசர் அவர் யோசனைதானே?

அதேதான். வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த கப்பல்கள். 1914 டிசம்பரில் ஃபாக்லாந்து அருகே ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயின் கப்பற்படையை ஒழித்தது அவைதான், அனுப்பியவரும் ஃபிஷர்தான். 1916இல் ஜெர்மனியோடு நடந்த ஜட்லாண்ட் கடற்போரில் ஒரே நாளில் மூன்று வெடித்துச் சிதறின. வெடிமருந்தைக் கையாண்டதில் இருந்த அலட்சியமும் அதற்குக் காரணம், பழி முழுவதையும் ஃபிஷர்மேல் போட முடியாது.

ஏன் ராஜினாமா செய்தார்?

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைமீதான தாக்குதலுக்கு, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் மேலும் மேலும் கப்பல் கேட்டார். ஃபிஷருக்கோ ஜெர்மனியை எதிர்கொள்ளும் வடகடல்தான் முக்கியம். ஆரம்பத்திலேயே உறுதியாக மறுக்காமல் இழுத்து, 1915 மே 15இல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கவலை நியாயம். ஆனால் போர் நடக்கும்போது நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.