சிலந்தியின் கண்ணுக்கு எத்தனை மி.மீ. லென்ஸ்?

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55, 55-250 லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி எல்லாம் தொட்டியில் வளர்க்கிறேன். வண்ணத்துப்பூச்சிகள் படத்தில் ஓரளவு வந்துவிடுகின்றன. சிலந்தியை எடுத்தால் புள்ளிதான் தெரிகிறது. கடைக்காரர் 100 மி.மீ. மேக்ரோ வாங்கச் சொல்கிறார். கூட வேலை பார்ப்பவர் 60 போதும் என்கிறார். லென்ஸைத் திருப்பி மாட்டினால் செலவே இல்லை என்கிறான் என் தம்பி. அடுத்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது. எதை வாங்கலாம்?
வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: டீச்சர், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் பாங்கில் போட்டுவிடுங்கள். இப்போதைக்கு உங்கள் மேஜையில் இருக்கும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் போதும்.

55-250 லென்ஸை 250 வரை நீட்டி, ஃபோகஸ் விழுகிற மட்டும் ஸ்கேலை நெருங்கி ஒரு படம் எடுங்கள். ஓரத்துக்கு ஓரம் சுமார் 72 மில்லிமீட்டர் தெரியும். உங்கள் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அகலமோ 22.3 மி.மீ. தான். 72 மி.மீ. பொருள் சுருங்கி 22 மி.மீ. இடத்தில் விழுகிறது, உருப்பெருக்கம் 0.31. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், சிறகை விரித்தால் 60 முதல் 75 மி.மீ. வரை இருக்கும். உங்கள் லென்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி! வண்ணத்துப்பூச்சி ஓரளவு வருவதற்குக் காரணம் இதுதான். சுவரில் தாவித் திரியும் சிலந்தி 8 மி.மீ. இருந்தால் பெரிய விஷயம். படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் அது வராது. உங்கள் கையிலோ கண்ணிலோ குறை இல்லை.

அசல் மேக்ரோ லென்ஸ் என்பது 1:1. பொருள் எவ்வளவோ சென்சாரிலும் அவ்வளவே. 22 மி.மீ. அகலமுள்ள எதுவும் படத்தை நிரப்பிவிடும். ஜூம் லென்ஸ்களின் மேல் ‘மேக்ரோ’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டாம்ரானின் பழைய 70-300 மாதிரி நல்ல ஜூம்களே 1:2 வரைதான் போகும். நிக்கான்காரர்கள் இதையே ‘மைக்ரோ’ என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

60-ஆ 100-ஆ என்ற சண்டையில் நான் கடைக்காரர் பக்கம். இரண்டுமே 1:1 தரும், அளவில் வித்தியாசம் கிடையாது. எவ்வளவு தூரத்தில் நின்று தரும் என்பதில்தான் விஷயம். எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று பெட்டியில் 60-க்கு 20 செ.மீ., 100-க்கு 30 செ.மீ. போட்டிருக்கும். அந்தத் தூரம் லென்ஸின் மூக்கிலிருந்து அளப்பதல்ல, சென்சாரிலிருந்து அளப்பது. உங்கள் கேமராவின் மேல்பக்கம் ஒரு சின்ன வட்டத்தைக் குறுக்குக்கோடு வெட்டியது போல ஒரு குறி இருக்கும், தேடிப் பாருங்கள். சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம் அது. கேமரா, லென்ஸ் நீளமெல்லாம் கழித்தால் 60-க்கு முன்னால் 9 செ.மீ. சொச்சம் மிஞ்சும், 100-க்குப் 14 செ.மீ. போல. 9 செ.மீ. தூரத்தில் லென்ஸின் நிழலே சிலந்தி மேல் விழும். அது ஒரே தாவலில் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். பூ, விதை, காளான் எடுப்பவருக்கு 60 நல்ல லென்ஸ். உயிருள்ளதற்கு 90-இலிருந்து 105 வரை ஏதாவது ஒன்று. பாம்பு எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தால், மேக்ரோ பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டேன்.

தம்பி சொன்னதும் பொய்யில்லை. ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்தான், உருப்பெருக்கமும் அசத்தும். ஆனால் 18-55-ஐத் திருப்பி மாட்டினால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு அறுந்துவிடும். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரமான அபர்ச்சர் முழுக்கத் திறந்தே கிடக்கும், ஒரு மயிரிழை அளவுதான் ஃபோகஸில் நிற்கும். போதாக்குறைக்கு லென்ஸின் பின்கண்ணாடி வெளியே பார்த்தபடி மாடித் தூசியை வாங்கிக்கொண்டிருக்கும். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் தம்பி வீட்டுப் பரணில் இருந்தால் அதைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1:1 கிடைக்கும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபும் உண்டு. டியூபின் நீளத்தை லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸில் 36 மி.மீ. டியூப் நன்றாக வேலை செய்யும். உங்கள் 250-இல் அதே டியூப் 0.14 தான் கூட்டும், காசு தண்டம்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். வாசிப்புக் கண்ணாடி போடுவீர்களா? பவர் +2 என்று எழுதித் தருவார்களே, அந்த +2 தான் டயாப்டர். மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் கண்ணாடியின் குவியத் தூரம்: +2-க்கு அரை மீட்டர். கிட்டத்தில் எழுத்து தெரியாத கண்ணுக்குக் கண்ணாடி போடுவது போல, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்கும் கண்ணாடி போடலாம். குளோசப் லென்ஸ் என்பது அதுதான்.

ஆனால் எல்லாக் கண்ணாடியும் கண்ணாடி அல்ல. பல வருஷத்துக்கு முன் நான் +1, +2, +4, +10 என்று நாலு வட்டக் கண்ணாடி அடங்கிய மலிவான செட் ஒன்றை வாங்கினேன். நாலையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் யானையாகத் தெரியும் என்று கடையில் சொன்னார்கள். தெரிந்தது, ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கசிந்த யானை. +10 லென்ஸ் முனையில் இறுகிப் போய், ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகித்தான் கழற்ற முடிந்தது. ஒற்றைக் கண்ணாடியின் குணம் அப்படி. நிறங்களை ஒரே இடத்தில் சேர்க்க அதற்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிசிறைத் திருத்திய குளோசப் லென்ஸ்தான் வேண்டும்.

சில ஆயிரங்களில் கிடைப்பது ரேனாக்ஸ். டிசிஆர்-150 என்பது +4.8, டிசிஆர்-250 என்பது +8. இரண்டு பக்கமும் கிளிப்பை அமுக்கி லென்ஸ் முனையில் பொருத்த வேண்டும். 52 முதல் 67 மி.மீ. வரை விட்டமுள்ள முனைகளில் உட்காரும், உங்களுடையது 58. முதலில் 150-ஐ வாங்குங்கள். அதை மாட்டி ஜூமை 250 மி.மீ.-இல் வைத்தால் சுமார் 1.2 மடங்கு கிடைக்கும், அசல் மேக்ரோவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. லென்ஸைத் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து வைத்தால் பொருள் 20 செ.மீ. தள்ளி நிற்கும், எந்த ஜூமில் வைத்தாலும் அந்த 20 மாறாது. ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி ஜூமைத் திருகி முழுப்பூச்சியையும் முகத்தையும் மாற்றி மாற்றி எடுக்கலாம். லட்ச ரூபாய் மேக்ரோவில் இந்த வசதி இல்லை. 55 பக்கம் வந்தால் படத்தின் மூலைகள் கறுக்கும். அங்கே போக வேண்டாம். டிசிஆர்-250 இரண்டு மடங்கு தரும், ஆனால் 12 செ.மீ.-க்குள் நெருங்க வேண்டும், கை பழகுகிற வரைக்கும் அழுகைதான் வரும்.

இனி லென்ஸ் பேச்சைவிட முக்கியமானது. 1:1-இல் மேக்ரோ லென்ஸின் அபர்ச்சரை எஃப் 11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேனாக்ஸ் மாட்டிய ஜூமில் அதைவிடக் குறைவு, அதனால் எஃப் 16 வரை தாராளமாக மூடலாம். அதற்கு மேல் மூடினால் ஒளி வளைந்து படம் முழுக்கச் சோர்ந்துபோகும். எஃப் 16 என்றால் மாடியில் வெயில் இருந்தாலும் வெளிச்சம் போதாது. மேக்ரோ படம் ஆடிப்போயிருந்தால் பத்துக்கு எட்டுத் தடவை லென்ஸைத் திட்டுவோம்; குற்றவாளி வெளிச்சம்தான்.

கேமராவில் துள்ளி எழும் ஃபிளாஷ் உதவாது, நீட்டிய லென்ஸின் நிழல் சரியாகப் பூச்சி மேலேயே விழும். தனி ஃபிளாஷ் ஒன்று வாங்குங்கள், சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான். வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். ஃபிளாஷ் செருகும் இடத்தின் நடுவில் வழக்கமாக இருக்கும் ஒற்றைத் தொடுபுள்ளி 1500டி-யில் இல்லை. மலிவான பழைய ஃபிளாஷ்களும், ஃபிளாஷைத் தள்ளி வைத்து எரிய வைக்கும் டிரிகர்களும் அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் எரியும், இதில் எரியாது. கேமராவைக் கையோடு கொண்டுபோய், மாட்டி, எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் சிலந்தியின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகில் எண்ணெய் வழிசல். புது மிக்ஸியைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் வருமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபிளாஷிலிருந்து லென்ஸ் முனை வரை தாழ்வாரம் போல வளைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கடையில் விற்கும் டிஃப்யூசர் பலவற்றைவிட இது நன்றாக இருக்கிறது. ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் சக்தியைக் குறைத்து வையுங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் எரிவது நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். கை நடுக்கமும் காற்றும் அதற்குள் நுழைய முடியாது. பின்னணி கறுப்பாகிவிடும். பிடிக்காவிட்டால் ஒரு செம்பருத்தி இலையைப் பூச்சிக்குப் பின்னால் வாகாக நிறுத்தினால் போதும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஜூமை ஓரிடத்தில் வைத்து, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பையே அரிசி புடைப்பது போல மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். இருபது எடுத்தால் ஒன்று தேறும், எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான். பூச்சி குச்சியில் இருந்தால் அந்தக் குச்சியை இடது கை விரல்களால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வையுங்கள். காற்றில் குச்சி ஆடினால் கேமராவும் சேர்ந்தே ஆடும், படம் ஆடாது. விடிந்த கையோடு, ஏழு மணிக்குள் போங்கள். குளிரில் பூச்சிகளுக்கு இன்னும் உடம்பு சூடேறியிருக்காது. குளிர வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் பூச்சி உட்கார்ந்திருக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

என் வீட்டு மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு உண்டு. ஒருநாள் கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு முசுறு இலை ஓரத்தில் தனியாக நின்று உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. ரேனாக்ஸ் வழியாகப் பார்த்துக் கால்களை எண்ணினேன்: ஆறு, அதோடு அந்தக் கொம்பு இரண்டு. கொம்பு என்று நினைத்தது முன்னங்கால்கள். எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி! முகத்தில் இரண்டு பெரிய வட்டக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வெறுங்கண்ணுக்கு அது கடைசி வரைக்கும் எறும்புதான்.

ஆறு மாதம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் 100-ஐ வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் போதும். டாம்ரான் 90, டோக்கினா 100 இவையும் சளைத்தவை அல்ல. பழையதை வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, உள்ளே சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் வசதிக்காக அதிக விலை கொடுக்க யோசியுங்கள். 1:1-இல் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும், ஃபிளாஷ் இருந்தால் தேவையும் இல்லை. மழைக்காலத்தில் லென்ஸை அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்வார்கள், மாவுத் தூசி உள்ளே போய்விடும், வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

ரேனாக்ஸ் வாங்கினால் அதன் கிளிப்பையும் லென்ஸ் வளையத்தையும் ஒரு நூலால் கட்டி வையுங்கள். செடிக்கிளை பட்டால் கழன்றுவிடும். என்னுடையது ஒருமுறை தண்ணீர் ஊற்றிய கையோடு இருந்த தொட்டிக்குள் விழுந்திருக்கிறது.