பொறி நிறைய ஈ விழுந்தும் பாகற்காய் சொத்தையாவது ஏன்?

கேள்வி: பாகல் பந்தலில் பழ ஈக்காக கியூலூர் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறேன். தினமும் ஈ நிறைய விழுகிறது. ஆனாலும் பிஞ்சுகள் கோணி, வெம்பி உதிர்கின்றன. வெல்லக் கரைசலில் மருந்து கலந்து தெளித்தும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பொறியில் செத்துக் கிடக்கும் ஈக்களை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, வயிற்றின் நுனியைப் பாருங்கள். ஊசிபோல நீண்டிருந்தால் பெண், மொண்ணையாக இருந்தால் ஆண். அநேகமாக எல்லாமே மொண்ணையாகத்தான் இருக்கும். கியூலூருக்கு வருவது ஆண் ஈதான். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், பொறிக்குத் தப்பிய சில ஆண்களே போதும், முட்டை தடையில்லாமல் விழும். பொறியைக் கழற்ற வேண்டாம். ஆனால் காயைக் குத்துகிற பெண்ணைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழி அதன் பசியில் இருக்கிறது. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்து வெளிவரும் பெண் ஈயின் சினைப்பையில் முதிர்ந்த முட்டை கிடையாது. சர்க்கரை கிடைத்தால் அது உயிர் வாழும், பறக்கும். ஆனால் முட்டைக்குள் மஞ்சள் கரு சேரப் புரதம் வேண்டும். அசுவினி கழிக்கும் தேன்கழிவு, பறவை எச்சம், இலைமேல் படரும் பாக்டீரியா, ஈஸ்ட் என்று தேடி நக்கிச் சேர்த்த பிறகுதான் முட்டை முதிரும். வெளிவந்ததிலிருந்து முதல் முட்டை வரை ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சர்க்கரை மட்டும் தின்ற ஈ மிகக் குறைவாகத்தான் முட்டையிடும். நல்ல புரதம் தின்ற ஈயோ வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும்.

உங்கள் வெல்லக் கரைசல் ஏன் எடுபடவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். முட்டைக்காகப் பசித்திருக்கும் பெண்ணை இழுப்பது வெறும் இனிப்பு அல்ல, புரதம் சிதையும்போது வரும் அம்மோனியா நெடி. கருவாட்டுப் பொறியில் பெண் ஈயும் விழுவது அதனால்தான். புரத ஹைட்ரோலைசேட்டுடன் (சிதைத்த புரதக் கரைசல்), பாகலுக்குப் பரிந்துரைத்த பூச்சிமருந்தை லேபிளில் உள்ள அளவில் கலந்துகொள்ளுங்கள். ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்து சேர்ந்த ஆயத்தக் கலவை கிடைத்தால் இன்னும் சுலபம். பந்தல் முழுக்க நனைக்கத் தேவையில்லை. பகலில் ஈ ஒதுங்குவது பெரும்பாலும் ஓரத்துச் செடிகளில்தான். மக்காச்சோளம், ஆமணக்கு போல வரப்பில் நிற்பவற்றின் இலை அடியில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தெளியுங்கள். பூவில் படக்கூடாது, தேனீ சாகும்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் ஈக்கு இந்த நெடிமேல் அவ்வளவு நாட்டம் இல்லை, அது காயைத் தேடிப் போய்விடும். அதனால் பிஞ்சு பிடிக்கும் முன்பே, பூக்கும் சமயத்திலேயே தொடங்கி வாரம் ஒரு முறை இந்தக் கலவையைத் தெளியுங்கள். மழை கழுவிவிட்டால் மறுபடியும் தெளிக்க வேண்டும். பந்தலில் அசுவினி இருந்தால் அதையும் அடக்குங்கள், இல்லாவிட்டால் ஈக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி.

புழுப் பருவத்துச் சாப்பாடும் கணக்கில் உண்டு. நன்றாகத் தின்று கொழுத்த புழுவிலிருந்து வரும் பெண் ஈ பெரிதாக இருக்கும், அதற்கு முட்டை இடும் திறனும் அதிகம். உதிர்ந்த சொத்தைக் காயை வரப்பில் எறியாமல், அன்றன்றே பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். உள்ளிருக்கும் புழு மண்ணுக்குப் போகாது.