பிகானேர் சமஸ்தானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, பிகானேர் ராஜாக்களும் ஜோத்பூர் ராஜாக்களும் ஒரே வம்சமா?

ஒரே வம்சம்தான், ராத்தோர் என்ற ராஜபுத்திர குலம். ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதாவின் மகன் பீகா, தனக்கென ஒரு நாடு தேடி 1465-ல் சித்தப்பா காந்தலோடும் சிறு படையோடும் வடக்கே கிளம்பினார். அந்த மணற்காட்டில் ஜாட் குலங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தன. அவர்களில் கோதாரா குலத்தார் பீகாவின் பக்கம் வந்தார்கள். 1488-ல் பிகானேர் நகரம் எழுந்தது. அதன்பின் அங்கே யார் பட்டமேறினாலும் நெற்றியில் திலகமிடும் உரிமை கோதாரா தலைவருக்கு உரியதாயிற்று. உள்ளூர்க் குடிகளின் சம்மதம் இல்லாமல் அந்த அரசு நிலைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

ராஜபுத்திரக் கோட்டை என்றாலே மலை உச்சிதானே நினைவுக்கு வருகிறது! பிகானேரில் மட்டும் ஏன் சமவெளியில் கட்டினார்கள்?

ஏறிக் கட்ட அங்கே மலை ஏது? ராஜா ராய் சிங் 1589 முதல் 1594 வரை கட்டிய ஜுனாகட் கோட்டை, அகழியையும் மதிலையும் நம்பியே நின்றது. (குஜராத்தில் உள்ள ஜுனாகட் வேறு.) உள்ளே போனால் பாதல் மகாலை, அதாவது மேக மாளிகையை, தவறவிடாதீர்கள். சுவர் முழுக்க நீலத்தில் சுருள் சுருளாக மழை மேகங்கள், இடையிடையே மின்னல். பக்கத்திலுள்ள அனூப் மகாலின் தங்கவேலைதான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். ஆனால் அந்த நாட்டின் மனசு தெரிவது மேகம் வரைந்த இந்தச் சுவரில்தான்.

முகலாயர்களுக்குக் கீழே சேவகம் செய்தார்களே, அது இழுக்கில்லையா?

முகலாயருக்குப் பணியாமல் நெடுங்காலம் போரிட்ட மேவாரை அளவுகோலாக வைத்து எல்லா ராஜபுத்திரரையும் அளப்பது சரியில்லை. ஆரவல்லி மலை மேவாருக்கு அரணாக இருந்தது. பிகானேருக்கு அப்படி ஒன்றுமில்லை. 1570-ல் ராவ் கல்யாண்மல் நாகௌரில் அக்பரைச் சந்தித்துப் பணிந்தார். அவர் மகன் ராய் சிங் முகலாயப் படையின் முன்னணித் தளபதிகளில் ஒருவரானார். இன்னொரு மகன் பிருதிவிராஜ், அக்பர் சபையில் இருந்துகொண்டே ராஜஸ்தானின் பழைய இலக்கிய மொழியான டிங்களத்தில் கண்ணன்–ருக்மிணி காவியம் பாடினார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மகாராஜா அனூப் சிங். ஔரங்கசீபின் படையோடு தக்காணத்தில் பல ஆண்டுகள் இருந்தார், 1698-ல் ஆதோனியில் இறந்தார். போர் நடந்த ஊர்களில் அழிந்துபோகக்கூடிய சமஸ்கிருதச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஊருக்கு அனுப்பினார். அவர் பெயரால் உள்ள அனூப் சமஸ்கிருத நூலகம் அப்படி வளர்ந்ததுதான்.

கங்கா சிங் கால்வாய் வெட்டிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் சார்.

ஏழு வயது நிறையும் முன்பே பிகானேர் பட்டத்துக்கு வந்தவர் கங்கா சிங். முழு அதிகாரம் கைக்கு வந்தது 1898-ல். மறு ஆண்டே விக்கிரம ஆண்டு 1956-ன் பஞ்சம், மக்கள் 'சப்பனியா' (ஐம்பத்தாறு) என்று இன்றும் சொல்லும் பஞ்சம், வந்துவிட்டது. மனிதரும் மாடும் செத்து விழுவதைப் பத்தொன்பது வயதில் பார்த்தவர். சட்லஜ் தண்ணீரைப் பாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதம் கடைசிவரை அவரை விடவில்லை.

பிகானேர் எல்லைக்குள் சட்லஜ் ஓடவில்லை. ஆற்றங்கரையில் இல்லாத நாட்டுக்கு ஆற்றில் என்ன உரிமை என்று அண்டை நாடான பகவல்பூரின் நவாப் அரசு எதிர்த்தது. பல ஆண்டு வாதாடிய பிறகு 1920-ல் பஞ்சாப், பகவல்பூர், பிகானேர் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 1925 டிசம்பர் 5-ல் பெரோஸ்பூரில் அடிக்கல், 1927 அக்டோபர் 26-ல் வைஸ்ராய் இர்வின் கையால் திறப்பு. வெறும் மண்ணில் வெட்டினால் மணலே தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் கால்வாய்க்குச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள்.

பஞ்சாபிலிருந்து விவசாயிகள் திரளாகக் குடியேற, ராம்நகர் என்ற சிற்றூர் இருந்த இடம் ஸ்ரீகங்காநகர் ஆனது. அந்தப் பக்கம் பல ஊர்களுக்குக் கால்வாய்க் கிளையின் எழுத்தும் எண்ணும்தான் பெயர்: '7 இசட்' என்பது போல.

அப்படியானால் அவரை முழுக்கப் பாராட்டலாமா?

கூடாது. 1913-லேயே பிரதிநிதிகள் சபை அமைத்தார், 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். அதே மன்னரின் ஆட்சியில்தான், குறைகளை எழுதிப் பரப்பியவர்கள்மீது 1932-ல் சதி வழக்கு போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் தந்தவர் என்பதற்காகச் சிறைக்குப் போனவர்களை மறப்பது நியாயமில்லை. அவர் மகன் சாதூல் சிங் காலத்திலும் அடக்குமுறை தொடர்ந்தது. 1946-ல் ராய்சிங்நகரில் துப்பாக்கிச் சூட்டில் பீர்பல் சிங் உயிரிழந்தார்.

ஒட்டகப் படை நிஜமாகவே போருக்குப் போனதா அண்ணா?

போனது. பிகானேரின் ஒட்டகப் படையான கங்கா ரிசாலா 1900-ல் சீனாவுக்கும், பிறகு சோமாலிலாந்துக்கும் போனது. முதல் உலகப் போரில் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் துருக்கியரோடு மோதியது.

1947-ல் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பிகானேர் என்ன செய்தது?

தயங்கவில்லை. ஏப்ரலிலேயே அரசியல் நிர்ணய சபையில் சேர்ந்தது. இந்தியாவோடு சேரும் இணைப்பு ஆவணத்தில் முந்திக் கையெழுத்திட்டவர்களில் சாதூல் சிங்கும் ஒருவர். சட்லஜ் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பும் பெரோஸ்பூர் தலைமதகு பாகிஸ்தானுக்குப் போய்விடும் என்ற பேச்சு எழுந்தபோது பிகானேர் பதறிப்போய் மவுண்ட்பேட்டனிடம் ஆளனுப்பியது. மதகு கை மாறினால் கங்கா கால்வாய் வறண்டுவிடுமே! கடைசியில் பெரோஸ்பூர் இந்தியாவிலேயே நின்றது. எல்லைக் கோடு கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1949 மார்ச் 30-ல் பிகானேர் ராஜஸ்தானில் கரைந்தது.

கர்ணி சிங் என்ற துப்பாக்கி சுடும் வீரர் இந்தக் குடும்பமா?

ஆமாம், சாதூல் சிங்கின் மகன். ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், 1962 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 1952 முதல் 1977 வரை பிகானேர் மக்கள் அவரைச் சுயேச்சையாகவே மக்களவைக்கு அனுப்பினார்கள்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். ஜுனாகட்டுக்கு அரை நாள் வேண்டும். சுமார் 30 கிலோமீட்டரில் தேஷ்னோக்கில் ராஜகுலம் வணங்கிய கர்ணி மாதா கோயில் இருக்கிறது. எலிகள் காலடியில் ஓடும், பார்த்து நடங்கள். கோட்டையில் தௌலத் போல் வாசலைக் கடக்கும்போது சுவரில் பதிந்த சின்னச் சின்னக் கைத்தடங்களைப் பாருங்கள். உடன்கட்டை ஏறிய அரசிகளுடையவை அவை.