நாணயத்தில் இருப்பது அச்சுப் பிழையா, வெறும் சேதமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவரிடம் இருப்பது ஒரு ரூபாய் ஸ்டீல் நாணயம். சிங்கத் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறதாம், இதற்கு லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்களாம். லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள், கோட்டைப் பார்ப்போம்.

நல்ல வெளிச்சத்தில், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள் (நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே, அதுதான்). கோடு மேடா, பள்ளமா? பள்ளம் என்றால் அநேகமாகக் கீறல், கதை முடிந்தது. மேடு என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. நாணயம் அடிக்கும் எஃகு அச்சு ஓயாமல் அடித்து அடித்து விரிசல் விடும், அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். பெரும்பாலும் விளிம்பிலிருந்து கிளம்பி எழுத்துகளின் ஊடே கோணல்மாணலாகப் போகும். உங்களுடையது அப்படியென்றால் அது உண்மையான பிழை, ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் பிழை.

எதைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாணயச்சாலைக்குள் எந்தக் கட்டத்தில் இது நடந்திருக்க முடியும்? ஓரம் பிறை மாதிரி வெட்டுப்பட்ட நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளைக் குத்தி எடுக்கும்போது, ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேலேயே அடுத்த குத்தும் விழுந்தால் பிறை வெட்டு வரும். பிறகு அந்த வில்லையின் விளிம்பை அழுத்தி எழுப்பும்போது, வெட்டு இருக்கும் பக்கம் பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாது. அதனால் நான் வெட்டை விட்டுவிட்டு எதிர் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே மழுங்கலாக இருந்தால் நம்பிக்கை வரும். வீட்டில் அரம் வைத்து ராவியவருக்கு எதிர்ப்பக்கத்தைத் தொடத் தோன்றாது.

இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கும் நாணயம் அநேகமாக மேஜிக் காட்டுபவர்களுக்காகச் செய்தது, இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒட்டியிருப்பார்கள். விளிம்பின் உட்புறம் சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும்.

10 ரூபாயில் நடுவட்டம் மட்டும் திரும்பி இருக்கிறது என்று படம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான். வளையமும் நடுவட்டமும் உருவமே இல்லாத வெறும் தகடுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டு ஒரே அடியில் அச்சாகின்றன. அப்படியிருக்க நடுவட்டத்தின் உருவம் மட்டும் எப்படித் திரும்பும்? யாரோ தட்டிக் கழற்றித் திரும்ப மாட்டியது அது.

ஒரு பக்கத்து அச்சு திரும்பியிருப்பதைச் சோதிப்பது சுலபம். நம் நாணயத்தில் சிங்கம் நேராக இருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்பினால் மறுபக்கமும் நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், 90 டிகிரி, 180 டிகிரி என்றால் சேகரிப்பவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

அப்புறம், பிழையே இல்லாததைப் பிழை என்று நினைப்பது. ஆண்டுக்குக் கீழே இருப்பது நாணயம் எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான குறி: நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, வைர வடிவம் என்றால் மும்பை, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. குறி விடுபட்டுப் போகவில்லை. 1985 ஒரு ரூபாயில் 'எச்' இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது. 10 ரூபாயில் எண்ணுக்கு மேலே கதிர்போல இருக்கும் கோடுகள் 10 ஆனாலும் 15 ஆனாலும் இரண்டுமே நல்ல நாணயம்தான், அப்போதிருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது (அதற்குப் பிறகும் நம்மூரில் வாங்க மறுத்த கடைகள் உண்டு, அது தனிக் கதை). 9 கிராம் தடி 5 ரூபாய்க்குப் பழகியவர்களுக்கு 2007இல் வந்த ஸ்டீல் 5 ரூபாய் தப்பாகத் தெரியும். அது 6 கிராம், காந்தத்திலும் ஒட்டும். சரியான நாணயமே.

விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் அல்லது வரி கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே வெளியிட்டது.

புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பவர்கள் பாதி விலைகூடத் தர யோசிப்பார்கள். இரண்டு பக்கமும், விளிம்பும் தெரியும்படி படமெடுத்து, நகை எடைபோடும் தராசில் வைத்து எடையையும் சேர்த்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.