அட்டையில் ஏ2பி என்று வந்தால்: ரத்த தானம் செய்பவர்களின் கேள்விகள்

இத்தனை வருடம் பி பாசிட்டிவ் என்றே ரத்தம் கொடுத்தேன். இப்போது அட்டையில் ஏ2பி என்று வந்திருக்கிறது. ஹோட்டல் பெயர் என்று வீட்டில் ஒரே கிண்டல். குரூப் மாறிவிட்டதா?

மாறவில்லை. பிறந்ததிலிருந்தே நீங்கள் ஏ2பிதான், முன்பு பிடிபடவில்லை. ஏ-வில் ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. ஏ2-வும் பி-யும் சேர்ந்த ஏபி-தான் ஏ2பி. ஏ1 சிவப்பணு ஒன்றின் மேல் ஏ ஆன்டிஜென் (குரூப்பைத் தீர்மானிக்கும் அடையாள மூலக்கூறு) சுமார் 10 லட்சம் இருக்கும். ஏ2 அணுவில் இரண்டரை லட்சம்தான். பி-யும் சேர்ந்திருந்தால் இன்னும் குறைவு. பி இருந்தால் திரளவைக்கும் ஆன்டி-பி திரவக் குழாயில் ஒரே கட்டியாகத் திரளும் ரத்தம், ஏ-வுக்கான ஆன்டி-ஏ குழாயில் மணல் மணலாக நின்றுவிடும். தகட்டில் ஒரு சொட்டு வைத்து அவசரமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பும்.

அதற்காகத்தான் உங்கள் பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீங்கிய திரவத்தை) ஏ1, பி, ஓ செல்களோடு சேர்த்து இன்னொரு முறை சோதிக்கிறோம். ஆனால் ஏ2பி-காரர்கள் சிலரின் பிளாஸ்மாவில், பி-காரர்களிடம் நடப்பது போலவே ஏ1 செல்களைத் திரளவைக்கும் ஆன்டி-ஏ1 என்ற எதிர்ப்பொருள் இருக்கும். அப்போது இந்தச் சோதனையும் பி போலவே காட்டி ஏமாற்றும். அப்படிப்பட்ட ரத்தம் பி என்ற லேபிளோடு பி நோயாளிக்குப் போனால் வம்பு. இனி எங்கே கொடுத்தாலும் புது அட்டையைக் காட்டுங்கள்.

ஏ1, ஏ2 என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?

கொள்ளை வைத்து! தெற்கே காணம் என்பார்களே, அதேதான். கொள்ளு விதையில் உள்ள லெக்டின் என்ற புரதத்தைச் சரியான அளவில் நீர்த்து ஒரு சொட்டு விட்டால், ஏ1 செல்கள் திரளும், ஏ2 செல்கள் திரளாது. நீர்ப்பது குறைந்தால் ஏ2-வும் திரண்டு குழப்பும். அதனால் தெரிந்த ஏ1, ஏ2 செல்களைப் பக்கத்தில் வைத்தே பார்ப்போம். கொள்ளு ரசம் குடித்தால் குரூப் மாறுமா என்று அடுத்து எழுதாதீர்கள். மாறாது.

எனக்கு ரத்தம் தேவைப்பட்டால் ஏ2பி-யே தேட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், சாதாரண ஏபி போதும். உடல் வெப்பநிலையான 37 டிகிரியிலும் வேலை செய்யும் ஆன்டி-ஏ1 இருந்தால் மட்டும் ஏ1 செல்களைத் தவிர்ப்போம். அப்போதும் ஏ2, ஏ2பி, பி, ஓ சிவப்பணுக்கள் கைவசம் உண்டு. 'ஏ2பி அவசரம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி தேவையற்ற பதற்றம் என்பது என் அபிப்பிராயம்.

முகாமில் பாசிட்டிவ், பிரசவத்துக்குச் சேர்ந்த இடத்தில் நெகட்டிவ். எது சரி?

உங்களுக்கு வீக் டி இருக்கலாம், அதாவது பாசிட்டிவா நெகட்டிவா என்று தீர்மானிக்கும் டி ஆன்டிஜென் பலவீனமாக இருக்கலாம். அப்படியானால் இரண்டும் சரி. கொடுக்கும்போது பாசிட்டிவ், வாங்கும்போது நெகட்டிவ் என்று வைப்பதுதான் பாதுகாப்பு. ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் ஓ. பாம்பே குரூப்பாக இருந்தால் தெரியுமா?

தெரியும். 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த வகை அது. மேலோட்டமாக ஓ போலத் தெரியும். ஆனால் அவர்களின் பிளாஸ்மா ஓ செல்களையே திரளவைக்கும். ஓ செல் குழாயைச் சேர்த்துச் சோதிக்கும் ரத்த வங்கியில் இது தப்பாது.